பெட்டையை வழியனுப்பிய நாள்

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு, ஒரு பெப்ரவரி மாதம், மொன்றியல் நகரில் நடந்தது இது. துறைமுகத்துக்குக் கிட்ட, நகரின் கிழக்குப் பக்கத்தில், மூன்று மாடி வீடொன்றின் நடுத்தளத்தில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். எங்களோடு ஒரு பாம்பும் இருந்தது.

இந்த இடத்திலேயே சிலர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள் என்று தெரியும். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் அந்தப் பாம்பினால்தான் எங்கள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினார்கள். மிச்சப் பேர் வந்தாலும் குளிர்க் கோட்டைக் கழற்றாமல் வாசலில் நின்றே கதைத்துவிட்டுப் போவார்கள். முன்னறையில் மாதா சுரூபம் ஒன்று வைத்திருந்தோம், காலடியில் பாம்பை மிதித்தபடி நிற்கும் மாதா. அதற்கு எதிர்ச் சுவரோடு எங்கள் பாம்பின் கண்ணாடிப் பெட்டி. "மாதா அந்தப் பக்கம் மிதிக்கிறா, நீங்கள் இந்தப் பக்கம் தீன் போடுறியள்" என்று ஒருத்தி சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கும் அந்தப் பாம்பைப் பிடிக்காது.

அதைக் கொண்டுவந்தவர் என் கணவர். துறைமுகத்தில் வந்திறங்கும் கொள்கலன்களைப் பிரித்து அடுக்கும் கிடங்கு ஒன்றில் அவருக்கு வேலை. அங்கே கூட வேலை செய்தவர் வேறு மாகாணத்துக்குக் குடிபோகும்போது, "இதை நீ வைத்துக்கொள்" என்று ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார். உள்ளே விரல் மொத்தத்தில் ஒரு பாம்புக் குட்டி. போவா என்ற இனம், நம்மூர் மலைப்பாம்புக்கு ஒன்றுவிட்ட உறவு. விஷம் கிடையாது. இரையைப் பல்லால் கவ்வி, உடம்பால் சுற்றி நெரித்துக் கொல்லும். பெண் குட்டி என்று தெரிந்ததும் அவர் அதற்கு 'பெட்டை' என்று பெயர் வைத்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சில் பெட்டை என்றால் சின்னப் பெண். வீட்டுப் பெண் குழந்தையைச் செல்லமாகக் கூப்பிடும் சொல்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவர் அந்தப் பெயரைச் சொன்னபோது நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பெட்டை வளர்ந்தாள். என்னைவிட நீளமாகி, என் தொடை மொத்தத்துக்கு வந்தாள். வேலையால் வந்ததும் அவர் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அவளை வெளியே எடுப்பார். அவள் அவருடைய தோளில் ஏறிக் கழுத்தைச் சுற்றி, சட்டைக் கொலருக்குள் தலையை நுழைத்துக்கொள்வாள். அவர் அப்படியே இருந்து ஹொக்கி பார்ப்பார். நான் மற்றச் சோபாவில், கால் இரண்டையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு இருப்பேன். அவளை நான் தொட்டதே இல்லை. வீட்டுக்குள் ஒரு எல்லைக்கோடு இருந்தது, அதை அவளும் தாண்டவில்லை, நானும் தாண்டவில்லை. வருஷக்கணக்காக அப்படியே ஓடியது.

பிறகு ஒரு கோடையில், கிடங்கில் சரிந்த பாரப் பெட்டி ஒன்றைப் பிடிக்கப் போய் அவருடைய வலது தோளின் தசைநார் அறுந்துபோனது. சத்திரசிகிச்சை செய்தார்கள். கை மாதக்கணக்கில் கழுத்துப் பட்டையில் தொங்கியது. பெட்டைக்குத் தீன் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் கார்டெரியில் வேலை செய்கிறேன். பெற்றோர் வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. பகல் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சோறூட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து உறைந்த எலியை வெந்நீரில் போட்டு இளக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்து, பெட்டிக் கதவை ஒரு சாண் திறந்து, உள்ளே நீட்டுவேன். அவள் பாய்ந்து கவ்வுவாள். நான் கதவை அடித்துச் சாத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் சோபாவில் இருந்தபடி, "பயப்பிடாதையும், அவள் உம்மை ஒண்டும் செய்யமாட்டாள்" என்பார். ஆனால் அந்த மாதங்களில் அவளை வெளியே எடுத்து வைத்திருக்க ஆள் இல்லை. கதவு திறந்தால் எலி வரும், வேறு எதற்கும் கதவு திறக்காது. பெட்டை படித்துக்கொண்டது அதைத்தான்.

இலையுதிர்காலம் வந்தபோது அவள் வேறு பாம்பாகியிருந்தாள். பெட்டிக்கு முன்னால் நடந்தாலே தலையைத் தூக்கி, கழுத்தை எஸ் வடிவில் மடித்துக்கொண்டு தயாராக நிற்பாள். தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கப் போன என் இடுக்கியை ஒருமுறை கவ்வி இழுத்தாள். கண்ணாடியில் மோதி மோதி மூக்குப் பக்கம் தோல் உரிந்துபோனது. சீறும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும்.

தோளில் இருந்து பட்டையைக் கழற்றிய பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, அவர் பெட்டிக் கதவைத் திறந்தார். வலது கை இன்னும் மேலே எழும்பாது. இடது கையை உள்ளே விட்டார். "என்ரை பெட்டை, எத்தினை நாளாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்குச் சமையலறையில் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தம். கத்தல் இல்லை, மூச்சு உள்ளே இழுபடும் சத்தம்.

நான் ஓடிவந்தபோது அவர் நிலத்தில் இருந்தார். பெட்டையின் வாய் அவருடைய முன்கையில் பூட்டியிருந்தது. உடம்பு கையைச் சுற்றிச் சுற்றி முழங்கை தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. விரல்கள் நீலமாகிவிட்டன. வலது கையால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நான் தலையைப் பிடித்து இழுக்கப் போனேன். அவர் தடுத்தார். "இழுக்காதையும். பல்லு வளைஞ்சு நிக்குது, சதை கிழிஞ்சு போம். வாலிலை இருந்து கழட்டும்." அந்த நேரத்திலும் குரலை உயர்த்தவில்லை, அவள் பயந்துவிடுவாளாம்.

அதுதான் நான் அவளை முதல் முறை தொட்டது. வால் நுனியைப் பிடித்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன். ஒன்றைப் பிரித்தால் மற்றது இறுகும். ஈரத் துணி பிழிவது போல அவளுடைய தசை என் கைக்குள் முறுகியது. பிரித்த பாகத்தை அவர் தன் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டார். அவர் சொன்னபடி நான் சமையலறைக்கு ஓடி, ஊறுகாய்க்கு ஊற்றும் வினாகிரிப் போத்தலை எடுத்துவந்து அவளுடைய வாயோரத்தில் ஊற்றினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாய் கழன்றது. இரண்டு பேருமாக அவளைப் பெட்டிக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினோம். அவர் இரத்தக் கையோடு முதலில் பார்த்தது அவளுடைய வாயைத்தான், பல் ஏதும் உடைந்துவிட்டதோ என்று.

கிளினிக்கில் காயத்தைக் கழுவி, உள்ளே தங்கியிருந்த பல் துணுக்குகளை எடுத்து, மருந்து கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வரும்போது காரை நான்தான் ஓட்டினேன். சிவப்பு விளக்கு ஒன்றில் நின்றபோது சொன்னேன்.

"நான் ஒரு விசயம் சொல்லப் போறன். கேட்டுப்போட்டுக் கோவப்படுங்கோ. பெட்டையை இனி நாங்கள் வைச்சிருக்கேலாது."

"அவள் வேணுமெண்டு கடிக்கேல்லை. எலி எண்டு நினைச்சிட்டாள்."

"அது எனக்கும் தெரியும். அடுத்த முறையும் அப்பிடித்தான் நினைப்பாள்."

"என்ரை தோள் சரிவரட்டும், பேந்து பாப்பம்."

அந்தத் தோள் பழையபடி வராது, பாரம் தூக்க ஏலாது என்று வைத்தியர் சொன்னபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன். பெரிய பாம்பைக் கையாளும்போது எப்போதும் இரண்டு பேர் நிற்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கை இல்லை, மற்றவருக்குத் துணிவு இல்லை. இது எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னேன். "உங்களுக்குத் தெரியாமல் நான் ஒண்டும் செய்யமாட்டன். ஆனால் செய்வன்."

அவர் கதவைத் திறந்து இறங்கிப் போனார்.

பாம்பை வெளியே அனுப்புவது அவ்வளவு சுகமான வேலை இல்லை என்று அடுத்த கிழமையே விளங்கிவிட்டது. பக்கத்து நகரான லவாலில் இருக்கும் என் தம்பியிடம் சொன்னேன். "ஏன் இவ்வளவு கரைச்சல்? ஒரு சாக்கிலை கட்டி ஒரு நாள் பல்கனியிலை வையுங்கோ. குளிர் தன்ரை வேலையைப் பாக்கும்" என்றான். பகிடியாகச் சொன்னானோ தெரியாது. நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அவளைக் கொல்வதற்கு நான் இந்த முடிவை எடுக்கவில்லை. பல்கனியில் வைப்பதென்றால் அதற்குத் துணிவும் வேண்டாம், தேடலும் வேண்டாம்.

இணையத்தில் விளம்பரம் போட்டேன். கடித்திருக்கிறாள் என்பதை மறைக்காமல் எழுதினேன். அதனாலேயே ஆர்வத்தோடு வந்தவர்களும் உண்டு. மதுச்சாலை நடத்தும் ஒருவர், வாசல் கண்ணாடிக்குள் வைத்தால் வாடிக்கையாளர் நின்று பார்ப்பார்கள் என்றார். இன்னொருவர் வீட்டுக்கே வந்தார். கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டே பெட்டிக் கண்ணாடியில் விரலால் தட்டினார். பெட்டை பாய்ந்து மோதியதும் சந்தோஷமாகச் சிரித்துவிட்டு மறுபடியும் தட்டினார். நான் அவருடைய சப்பாத்துகளை எடுத்து வாசலில் வைத்தேன். பிரெஞ்சில் மரியாதையாக, போய்வாருங்கள் என்றேன்.

அவர் போன பிறகு என் கணவர், "ஒருத்தரும் சரிவரமாட்டினம். இஞ்சையே இருக்கட்டுமன்" என்றார். குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது.

விலங்குக் காப்பகம் ஒன்றைக் கேட்டேன். பெரிய பாம்புகளை வைத்திருக்க அவர்களுக்கு இடம் இல்லை, எடுக்க ஆள் கிடைக்காவிட்டால் ஊசி போட்டுக் கொல்ல வேண்டிவரும் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் விலங்கு வைத்தியர் ஒருவர் மூலம் ஒரு பெண்ணின் தொடர்பு கிடைத்தது. மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் இருந்தார். வேலையில் இருந்து ஓய்வு பெற்று, வீட்டோடு ஒட்டிய பழைய களஞ்சியத்தைச் சூடேற்றி, மற்றவர்கள் கைவிட்ட பாம்புகளையும் ஆமைகளையும் வைத்துப் பராமரிப்பவர்.

தொலைபேசியில் அவர் என்னை நிறையக் கேள்வி கேட்டார். பெட்டியின் நீளம், சூடு, என்ன தீன், கடைசியாக எப்போது தோல் உரித்தாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், இது யாருடைய பாம்பு என்றார். கணவருடையது என்றேன். அவருக்குச் சம்மதமா என்றார். இன்னும் இல்லை என்றேன்.

அப்படியென்றால் எடுக்கமாட்டேன் என்றார் அந்த அம்மா. மனமில்லாமல் கொடுத்தவர்கள் அடுத்த மாதமே வந்து திருப்பிக் கேட்பார்களாம், அந்த இழுபறியில் வாடுவது விலங்குதானாம். உங்கள் கணவரே வந்து தன் கையால் தர வேண்டும் என்றார். ஒரு கூடு இப்போது காலியாக இருக்கிறது, கனகாலம் காலியாக இருக்காது என்றும் சொன்னார். அதோடு எனக்கு ஒரு வேலையும் தந்தார். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் முதலில் ஒரு நீண்ட கொக்கியால் அவளுடைய உடம்பை மெல்லத் தொடுங்கள், இது தீன் இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்றார்.

அன்று தொடக்கம் நான் அதைச் செய்தேன். வேலையால் வந்து, தடித்த கையுறை போட்டு, கதவைத் திறந்து, கொக்கியால் தொடுவேன். முதல் நாட்களில் கொக்கியையே கவ்வினாள். நான் நகராமல் நின்றேன். கார்டெரியில் கடிக்கிற பிள்ளைகள் வந்து சேர்வதுண்டு. அவர்களுக்கு முன்னால் நாங்கள் பின்வாங்கினால் காரியம் கெட்டுவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கம் இங்கே கை கொடுத்தது.

அந்த நாட்களில்தான் ஒன்றைக் கவனித்தேன். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் பெட்டையின் தண்ணீரை மாற்றுவது என் கணவர். ஒருநாள் வேளைக்கு வந்துவிட்டேன். அவர் கதவை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து, வீடு கூட்டும் தும்புத்தடியின் பிடியால் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். நெற்றி வியர்த்திருந்தது. என்னைக் கண்டதும் தும்புத்தடியைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தேன். "இஞ்சேருங்கோ, நீங்கள் அவளைக் கையிலை எடுத்து எவ்வளவு நாள்?"

அவர் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்கும் பயமா இருக்குது. எனக்கும் பயம். அவளை ஆர் தொடுறது? அந்தக் கண்ணாடிக்குள்ளை அவள் தனிய இருந்து மூக்கை இடிச்சுக்கொண்டு இருக்கிறாள். இதுவோ நாங்கள் அவளை வளக்கிற முறை?"

தேத்தண்ணி முடிந்த பிறகு அவர், "சரி" என்றார். கோப்பையைப் பார்த்தபடியே, "பனி போகட்டும். ஏப்ரலிலை கொண்டு போவம்" என்றார்.

"இல்லை. இந்தச் சனிக்கிழமை."

"இந்தக் குளிருக்கை பாம்பைக் கொண்டு போறதோ? உமக்கென்ன விசரோ?"

"போற வழியிலை சூடா வைச்சிருக்க என்ன செய்யிறது எண்டு அந்த அம்மா சொல்லித் தந்திருக்கிறா. ஏப்ரல் எண்டால் நீங்கள் ஓகஸ்ட் எண்டுவியள்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்தது, ஆனால் மறுக்கவில்லை.

சனிக்கிழமை காலை வெளியே மூச்சு உறையும் குளிர். அந்தக் கிழமை அவளுக்குத் தீன் போடவில்லை, வயிற்றில் இரையோடு பயணம் கூடாது. கொக்கியால் தொட்டேன். அவள் பாயவில்லை. கொக்கியை முன்பக்க உடம்புக்குக் கீழே கொடுத்துத் தூக்கி, மற்றக் கையை நடுப்பாகத்தில் வைத்தேன். பாரம் என் இரண்டு கையையும் கீழே இழுத்தது. அவர் போர்வை உறையை விரித்துப் பிடித்தார். அவளை உள்ளே இறக்கி, உறையின் வாயை முறுக்கி முடிச்சுப் போட்டேன். அதைச் சூடு வெளியேறாத பெரிய ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் சுடுநீர்ப் போத்தல்களை அடுக்கினோம். காரை முதலிலேயே சூடாக்கி வைத்திருந்தோம்.

நகரைத் தாண்டும் வரைக்கும் எல்லாம் சரி. நெடுஞ்சாலையில் பனிக்காற்று தொடங்கியது. முன்னால் போகும் வாகனம் தெரியாத வெள்ளை. எங்கோ விபத்து, வரிசை நின்றுவிட்டது. நின்று நின்று ஊர்ந்துகொண்டிருக்கும்போது எங்கள் பழைய காரின் இயந்திரம் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. சாவியைத் திருப்பத் திருப்ப ஒரு சத்தமும் இல்லை. பின்னால் நின்றவர்கள் இறங்கிவந்து தள்ளிக் காரை ஓரத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

இயந்திரம் இல்லையென்றால் சூடும் இல்லை. இழுவை வண்டிக்குச் சொன்னோம், காத்திருக்க வேண்டிவரும் என்றார்கள். கண்ணாடிகளில் உள்பக்கமாகப் பனி பிடிக்கத் தொடங்கியது. நான் பின் ஆசனத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். போத்தல்களின் சூடு குறைந்துகொண்டு வந்தது. துணிக்கு மேலால் கையை வைத்தேன். அவள் அசையவில்லை.

யோசிக்க நேரம் எடுக்கவில்லை. கையுறையைக் கழற்றினேன். குளிர்க் கோட்டின் சிப்பை அடிவரைக்கும் திறந்து, மூட்டையைத் தூக்கி மடியில் வைத்து, வயிற்றோடும் நெஞ்சோடும் அணைத்துக் கோட்டை மேலால் மூடினேன். என் கணவர் தன் கோட்டையும் கழற்றிச் சுற்றிப் போர்த்தினார். ஒரு மெல்லிய பருத்தித் துணிக்கு அந்தப் பக்கம் அவள். கடிப்பாளோ என்று நினைத்தேன், ஆனால் அந்த நினைப்பு எங்கோ தூரத்தில் இருந்தது. நெஞ்சில் கல் மாதிரிக் குளிர். என் சூட்டை அவள் எடுப்பது எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவள் அசைந்தாள். தனக்கு வசதியாக ஒரு சுற்றை மாற்றிப் போட்டாள். பிறகு துணிக்குள்ளால் அவளுடைய தலை நகர்ந்து வந்து என் கழுத்துக்குக் கீழே, தோள் எலும்புக்கு மேலே வைத்துக்கொண்டது. அவருடைய கொலருக்குள் எப்படி வைப்பாளோ அதே மாதிரி. அவளுடைய மூச்சு பெரிதாகி அடங்குவதை என் விலா எலும்பில் உணர்ந்தேன்.

இத்தனை வருஷம் மற்றச் சோபாவில் காலைத் தூக்கிக்கொண்டு இருந்தவள் நான். என் கண்ணில் ஏன் தண்ணீர் வந்தது என்று அப்போது விளங்கவில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லிய சட்டையோடு நடுங்கியபடி, "பாத்தீரோ, எவ்வளவு சாதுவா இருக்கிறாள்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "திரும்பிப் போவமோ?" என்றார்.

அவர் அதை அடம்பிடித்துக் கேட்கவில்லை. கெஞ்சிக் கேட்டார். நானும் அந்த நேரம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவளை வீட்டுக்கே கொண்டுபோவோம், நான் பழகிவிட்டேன், இனிமேல் நானே தூக்குவேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவருடைய முகம் மலரும்.

ஆனால் மடியில் இருந்த பாரம் எனக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. இவள் குளிரில் ஒடுங்கிக் கிடக்கிறாள். சூடு ஏறினால் பழைய பெட்டைதான். ஒருநாள் அணைத்ததற்காக என் கைக்கு அவளுடைய பலம் வந்துவிடாது. அவருடைய தோளும் வராது. அடுத்த ஞாயிறு இல்லாவிட்டால் அதற்கடுத்த ஞாயிறு அவர் மறுபடியும் இடது கையை உள்ளே விடுவார். அன்று நான் வீட்டில் இல்லாவிட்டால்?

"இல்லையப்பா" என்றேன். "கொண்டுபோய் விடுவம்."

அவர் முகத்தைத் திருப்பிப் பனி பிடித்த கண்ணாடியைப் பார்த்தார். நான் இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

இழுவை வண்டி வந்தது. ஓட்டுநர் ஒரு கியூபெக்காரர், தாடியெல்லாம் பனி. கதவைத் திறந்து, கோட்டுக்குள் இருந்த மூட்டையைப் பார்த்து, குழந்தையா என்று கேட்டார். பாம்பு என்றேன், எங்கே கொண்டுபோகிறோம் என்றும் சொன்னேன். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு தன் வண்டியின் சூட்டை முழுதாகத் திறந்துவிட்டு, எங்களை முன்னுக்கு ஏற்றினார். ஆசனத்தில் இருந்த சாப்பாட்டுப் பையை மட்டும் எடுத்துத் தன் மற்றப் பக்கம் வைத்துக்கொண்டார். காரை கராஜுக்கு இழுத்துப் போக வேண்டியவர், முதலில் எங்களை அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினார். வழிநெடுக ஒரு கேள்வி கேட்கவில்லை. இறங்கும்போது மாத்திரம், அவளுக்கு என்ன பெயர் என்றார். என் கணவர் சொன்னார். அவர் அதை வாயில் நுழையாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்த அம்மா களஞ்சியக் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்தது ஊர் வெக்கை. பெட்டைக்கான கூடு எங்கள் முன்னறையில் பாதி இருக்கும். ஏறிப் படுக்க மொத்தமான கிளை, நனைந்து கிடக்கத் தொட்டி, மேலே சூட்டு விளக்கு. அவருக்கு உதவியாக இன்னொரு பெண்ணும் நின்றார். இரண்டு சோடிக் கைகள், இரண்டும் பயமில்லாத கைகள். அதைப் பார்த்ததும் என் தோள்கள் இறங்கின.

மூட்டையைக் கூட்டுக்குள் வைத்தேன். முடிச்சை அவிழ்க்க வேண்டியவர் நீங்கள்தான் என்று அந்த அம்மா என் கணவரிடம் சைகையால் சொன்னார். அவர் குனிந்தார். வலது கை பாதிக்கு மேல் எழும்பவில்லை, இடது கையால் அவிழ்த்தார். ஒற்றைக் கைக்கு முடிச்சு இறுக்கமாக இருந்ததால் நேரம் எடுத்தது. நாங்கள் யாரும் உதவப் போகவில்லை. துணி திறந்ததும் பெட்டையின் தலை வெளியே வந்தது. நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைப் பார்த்தாள். பிறகு முழு உடம்பையும் இழுத்துக்கொண்டு நேரே விளக்குக்குக் கீழே போய்ச் சுருண்டாள். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார். பிறகு அந்தக் காலிப் போர்வை உறையை ஒழுங்காக நாலாய் மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

பேருந்திலும் மெட்ரோவிலும் வீட்டுக்கு வந்தோம். அவர் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அதற்குப் பிறகும் பல கிழமைகள் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. மாலையானால், பழைய பழக்கத்தில் கை கழுவிவிட்டு, வெறும் பெட்டிக்கு முன்னால் இருப்பார். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. செய்தது பிழை என்று எனக்குத் தோன்றாதபோது எதற்குக் கேட்பது? ஒரு நாள் நான் வேலையால் வந்தபோது அவர் பெட்டியை ஒற்றைக் கையால் பிரித்து, கண்ணாடிகளைத் துடைத்துச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார். "இதையும் அந்த அம்மாட்டைக் குடுப்பம். ஆருக்காவது உதவும்" என்றார். அன்று இரண்டு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம்.

கோடையில் அவரே கேட்டார், போய்ப் பார்ப்போமா என்று. போனோம். பெட்டை இன்னும் மொத்தமாகியிருந்தாள். மூக்கில் இருந்த புண் ஆறியிருந்தது. தீன் நாட்களில் இப்போதும் பாய்வாளாம், மற்ற நாட்களில் இரண்டு பேர் தூக்கி வெளியே விட்டால் புல்லில் ஊர்ந்து திரிவாளாம். என் கணவர் கண்ணாடிக்குக் கிட்டப் போனதும் கழுத்தை மடித்து ஒரு பாய்ச்சல் பாய்ந்து 'டம்' என்று மோதினாள். அவர் பின்வாங்கிவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. "நல்லாத்தான் இருக்கிறாள்" என்றார் என்னைப் பார்த்து.

பயந்து போய்த்தான் நான் பாம்பைத் துரத்தினேன் என்று எங்கள் கோயிலில் இன்றைக்கும் சொல்லிக்கொள்வார்கள், நான் திருத்துவதில்லை. அந்தக் குளிர்ந்த காருக்குள் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "இல்லையப்பா" என்று சொன்னபோது என்னிடம் பயம் மருந்துக்கும் இருக்கவில்லை. அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த பாசத்தை மீறி அந்தச் சொல்லைச் சொல்ல முடிந்ததை, என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான நல்ல காரியம் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.